உப்பின் மேல் கட்டிய அடுப்பு

பேக்கரி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் மாவைத் தொடவே இல்லை. உப்பு சுமந்தேன். 1973, பங்குனி மாதம், எனக்குப் பதினான்கு வயது. பழைய அடுப்பின் தளம் நடுவில் குழி விழுந்து இறங்கிப்போயிருந்தது. அதை இடித்து, அதே சுவரோடு சேர்த்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகநேரியில் உப்புக்கு அலைய வேண்டியதில்லை, ஊரைத் தாண்டினால் அளம்தான். மாட்டு வண்டியில் வந்த ஆறு மூட்டை கல்லுப்பையும் அவிழ்த்து அடுப்பின் அடிக்குழியில் கொட்டச் சொன்னார் மாஸ்டர். அடியில் ஒரு சாண் மணல். அதன்மேல் சோடா பாட்டில்களை உடைத்த கண்ணாடிச் சில்லு. அதன்மேல் உப்பு. உப்பைத் திம்சு போட்டு இறுக்கி, மேலே மெல்லிய மணல் விரித்து, தளச் செங்கலைச் சாந்தில்லாமல் ஒன்றையொன்று நெருக்கிப் பதித்தார்கள்.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வெறும் மண்ணு மேல செங்கலப் போட்டா சூடு கீழ எறங்கிப் போயிரும்லா. உப்பு அதைப் பிடிச்சு வச்சுக்கிடும். ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குடுக்கும்."

அன்று அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை. பிற்பாடு தெரிந்துகொண்டது இது: உப்பு உருகுவதற்கு 800 டிகிரிக்கு மேல் வேண்டும். விறகு எரியும் ரொட்டி அடுப்பின் தளம் அதில் பாதியைக்கூட எட்டுவது அபூர்வம். ஆகவே காய்ந்த உப்பு வருடக்கணக்கில் அப்படியே கிடந்து சூட்டை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். நம் ஊரில் மட்டுமில்லை, வேறு பல ஊர்களிலும் அடுப்புத் தளத்துக்கு அடியில் உப்பும் கண்ணாடியும் போடுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அது வாசலிலேயே கிடைத்தது, அவ்வளவுதான்.

மாஸ்டர் இளம் வயதில் கொழும்பில் வேலை பார்த்தவர். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போய், பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் 'அடுப்பு' என்றாலும், பிறகு வந்தவர்கள் 'அவன்' என்றாலும், அவர் வாயில் கடைசிவரை 'போறணை'தான். ரொட்டியைப் 'பாண்' என்பார். பையன்கள் நாங்கள் அந்தச் சொற்களை விநோதமாகக் கேட்டுக்கொண்டிருப்போம். தலச்சேரிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு சில மாதம் வேலை செய்த ஒருவர் அதே அடுப்பைப் 'போர்மா' என்றார். இரண்டும் போர்த்துகீசியரின் 'ஃபோர்னோ' என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை என்று ரொம்ப நாள் கழித்து ஒரு தமிழாசிரியர் சொல்லித்தான் தெரியும். பாணும் அவர்கள் சொல்தான். 1530களில் முத்துக்காக இந்தக் கடற்கரைக்கு வந்தவர்கள், 1658இல் டச்சுக்காரர்களிடம் தூத்துக்குடியை இழந்து போனார்கள். சாவியும் ஜன்னலும் அலமாரியும் மேசையும் நம் வீடுகளில் தங்கிவிட்டன. இவ்வளவையும் வைத்துக்கொண்ட நாம் போறணை என்ற சொல்லை மட்டும் இலங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று எனக்கு உள்ளபடியே வருத்தமுண்டு. அடுப்பு என்றால் சோறு பொங்குவதும் அடுப்புதான். போறணை என்றால் அது ஒன்றே ஒன்று.

எங்கள் போறணை வெளியிலிருந்து பார்த்தால் சுவரில் ஓர் இரும்புக் கதவு, அவ்வளவுதான். உள்ளே ஒன்பதடி நீளம், எட்டடி அகலம், மேலே தாழ்வான வில் கூரை. அந்தக் கூரையின் உயரத்துக்கும் வாசலின் உயரத்துக்கும் மாஸ்டர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: கூரை எட்டுப் பங்கு என்றால் வாசல் ஐந்து பங்கு. வாசல் அதைவிட உயர்ந்தால் சூடு வெளியே ஓடும். தாழ்ந்தால் தீக்குக் காற்றுப் போதாமல் புகையும். சரியாக இருந்தால் கீழ்ப்பாதி வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்து, பின்சுவர் வரை போய், மேலே சுருண்டு, கூரையைத் தடவிக்கொண்டு புகையாக வெளியேறும். தீ மூட்டிய பிறகு வாசலில் முகத்தை வைத்துப் பார்த்தால் சுவாலை கூரையில் தண்ணீர்போல் புரண்டு வருவது தெரியும். ஐம்பது வருடம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

சாந்து தேரிச் செம்மண்ணும் குளத்துக் களியும் மணலும். கருப்பட்டித் தண்ணீர் விட்டு மூன்று நாள் புளிக்க வைத்து மிதிப்போம். உடன்குடி பக்கத்தில் இருக்கும்போது கருப்பட்டிக்கு என்ன குறை? சிமென்ட்டை மாஸ்டர் அண்டவிடமாட்டார். சிமென்ட் இறுகியிருப்பது அதற்குள் கட்டுண்ட நீரால். நானூறு ஐந்நூறு டிகிரியில் அந்த நீர் போய்விடுகிறது. பிறகு காற்றின் ஈரம் பட்டதும் பொரிந்து உதிரும். மண் சாந்து அப்படியில்லை, சூடு ஏற ஏறச் செங்கல்லாகவே மாறும். வெடித்த இடத்தில் அதே மண்ணைக் குழைத்து அப்பினால் போதும்.

கட்டி முடித்த அன்றே ரொட்டி போடலாம் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். முதல் நாள் ஒரு கை பனையோலை. மறுநாள் இரண்டு கை. அப்புறம் சிரட்டை, மட்டை, கடைசியில்தான் உடை விறகு. ஒவ்வொரு நாளும் வெளிச்சுவரில் ஈரம் வேர்த்து இறங்கும். அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாஸ்டர் "இன்னும் குடிச்ச தண்ணிய விடல" என்று நகர்ந்துவிடுவார். வேர்வை நின்ற நாளில்தான் முழுத் தீ.

இனி தினப்பாடு. மதியம் இரண்டு மணிக்கு உள்ளேயே விறகை அடுக்கித் தீ மூட்டுவோம். கூரை முதலில் கரியேறிக் கன்னங்கறுப்பாகும். இரண்டரை மூன்று மணி நேரத்தில் அந்தக் கரியே எரிந்துபோய்க் கூரை வெளுக்கத் தொடங்கும். ஒரு மூலையில் மட்டும் கறுப்பு நின்றால் அந்த மூலை இன்னும் பச்சை, தணலை அங்கே தள்ள வேண்டும். முழுக்க வெளுத்ததும் கங்கை வாரி வெளியே எடுத்து, நீண்ட கம்பில் ஈரச் சாக்கைச் சுற்றித் தளத்தை ஒருமுறை துடைத்து, கதவைச் சாத்திவிட வேண்டும். அடுத்த அரைமணி நேரம் ஒன்றும் செய்யக் கூடாது. தொழிலில் புதிதாக வருகிற எவருக்கும் கடினமானது இந்த அரைமணிதான். தளத்தின் மேற்தோல் மட்டும் கொதித்துக் கிடக்கும், கூரை வேறு சூடு, ஓரம் வேறு சூடு. கதவைச் சாத்திவைத்தால் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துச் சமமாகும். பொறுக்காமல் தட்டை உள்ளே தள்ளினால் அடி தீய்ந்து நடு வேகாத ரொட்டி வரும்.

பிறகு ஒரு சிட்டிகை மைதாவைத் தளத்தில் தூவிப் பார்ப்பது. தூவியதும் கறுத்துப் புகைந்தால் இன்னும் ஆற வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பொன்னிறமானால் பன்னும் ரொட்டியும் போடலாம். வெளிர் மஞ்சளிலேயே நின்றால் ரொட்டிக்கான நேரம் போய்விட்டது, கேக்கும் பிஸ்கட்டும்தான். இதுதான் எங்கள் தெர்மாமீட்டர். பின்னாளில் ஒரு நிஜத் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தபோது பொன்னிற மாவுக்கு 230, 240 காட்டியது.

மூட்டுவது ஒரு தீ. அதிலிருந்து நாலு வேலை எடுக்கிறோம். சாயங்காலம் ரொட்டி, அந்திக்கு மேல் கேக்கும் பிஸ்கட்டும், ராத்திரி ரஸ்க்கும் பொறையும். எல்லாம் முடிந்து, கையை உள்ளே விட்டு முப்பது எண்ணும்வரை பொறுக்க முடிகிற சூடு வந்ததும் மக்ரூன். இறங்குகிற சூட்டின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பண்டம். கரண்டு அடுப்பில் நீங்கள் 130 என்று திருகி வைத்தால் அது 130ஐச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கல் அடுப்பின் சூடு ஏறாது. இறங்க மட்டும் செய்யும், அதுவும் பதமாக.

மக்ரூனுக்கு அது அமிர்தம். முட்டை வெள்ளை, சீனி, முந்திரி, வேறு ஒன்றும் கிடையாது. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும், சட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத நுரையில் இடித்த முந்திரியைக் கரண்டி முதுகால் அமுக்காமல் அள்ளிச் சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பி, சங்குபோல் சுற்றி முனையில் விட்டு எடுக்க வேண்டும். அது வேகக் கூடாது, காய வேண்டும். சூடு கூடினால் வெளியே பழுத்து உள்ளே பசையாகும். குறைந்தால் கூம்பு சரிந்து தட்டையாகும். ராத்திரி வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெள்ளெனத் திறந்து தட்டில் தட்டினால் கிணுங்கும். மேற்கத்திய மக்ரூனில் வாதுமை. இங்கே முந்திரி. முந்திரியையும் போர்த்துகீசியர்தான் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் எங்கள் தேரிக்காட்டில் கொல்லா மரம் காய்க்கிறது.

அடுப்பு ஊருக்குப் பொது என்கிற எண்ணமும் அப்போது இருந்தது. டிசம்பர் பிறந்தால் வேதக்காரர் வீடுகளிலிருந்து கேக் மாவு ஊற்றிய தட்டுகள் வரும். ஒவ்வொன்றிலும் வீட்டு அடையாளம், ஒன்றில் நூல், ஒன்றில் கரண்டிக் கீறல். பெருநாளுக்குக் காயல்பட்டினத்திலிருந்து தம்மடை வரும். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்தது. முன்பெல்லாம் சட்டிக்குக் கீழேயும் மூடிக்கு மேலேயும் தணல் போட்டு வீட்டிலேயே செய்வார்கள். கீழ்ச்சூடும் மேல்சூடும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதை ஒரு மண்சட்டியில் கண்டுபிடித்த பெண்களின் அறிவு அது. தட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவோம். மாஸ்டர் சில வீடுகளில் வாங்கமாட்டார்.

பராமரிப்பு என்றால் கழுவித் துடைப்பது என்று நினைக்கிறார்கள். கல் அடுப்பைக் கழுவவே கூடாது. விறகை உள்ளே எறியக் கூடாது, வைக்க வேண்டும். எறிந்தால் பின்சுவர்ச் செங்கல் ஒன்று அசையும், ஒரு வருடத்தில் வரிசையே அசையும். பச்சை விறகு ஆகாது. இந்தக் கரையில் பழைய வள்ளத்துப் பலகை மலிவாகக் கிடைக்கும். மாஸ்டர் அதைத் தொடவிடவில்லை. தாரும் பெயின்ட்டும் உப்பும் ஊறிய கட்டை அது. புகை கூரையில் படிந்தால் நாலு நாளைக்கு ரொட்டியில் நாறும். மயிரிழை வெடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சூட்டில் விரிகிற அடுப்பு அப்படித்தான் மூச்சு விடும். நகம் நுழைகிற வெடிப்பை விடக் கூடாது. கதவும் இழுப்புக் கம்பியும்தான் எங்கள் தலைவலி. உப்பங்காற்று இரும்பை விடாது, மூன்று வருடத்துக்கு ஒரு கதவு மாற்றியிருக்கிறோம். தளத்துக்குக் கீழே சூட்டைக் காக்கிற அதே உப்பு வெளியே இரும்பைத் தின்னும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: ஐப்பசி கார்த்திகையில் அடுப்பை ஆறவிடாதே. நம் அளத்துக் கல்லுப்பில் மெக்னீசியம் கலந்திருக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிவது அதனால்தான். சூடான தளத்துக்குக் கீழே இருக்கும்வரை அது எலும்புபோல் காய்ந்து கிடக்கும். பத்து நாள் ஆறினால் தண்ணீர் குடிக்கும். வியாபாரம் இல்லாத மழை நாளிலும் நாலு சிரட்டையாவது எரிப்போம். மாஸ்டருக்குப் பின்னால், 1990களில் பேக்கரி என் கைக்கு வந்த பிறகும் அதைத் தவறவிட்டதில்லை.

2023 டிசம்பர் 17 வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊருக்கும் காயலுக்கும் நடுவே தூரம் என்று ஒன்று கிடையாது, அந்த மழைதான் எங்களுக்கும். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. குளங்கள் உடைந்தன, கரண்டு போனது. பேக்கரிக்குள் இடுப்பளவு தண்ணீர். மாவு மூட்டை, சீனி எல்லாம் போயிற்று. தண்ணீர் வாசல் விளிம்பைத் தாண்டி அடுப்புக்குள் நுழைந்ததை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலாம் நாள் வடிந்தது. கிறிஸ்துமஸுக்கு நாலே நாள். ஊரே சாப்பாட்டுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது, ரொட்டி கேட்டு ஆட்கள் வந்தார்கள். சிறு தீயாக ஒரு நாள் எரித்தேன். வெளிச்சுவர் வேர்த்துக்கொண்டே இருந்தது, கையை வைத்துப் பார்த்தேன், தெரிந்தது. தெரிந்தும் மறுநாள் உடை விறகை அடுக்கினேன். கேட்டு வந்த முகங்களைப் பார்த்துச் செய்தது அது, ஆனால் அடுப்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் உள்ளே பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். இன்னொன்று. தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்கு விரிகிறது. செங்கல்லின் வயிற்றுக்குள் இருந்த ஈரத்துக்கு வெளியேற வழியும் நேரமும் கொடுக்காமல் நான்தான் அதை வெடிக்க வைத்தேன். தளத்தில் ஏழு கல் பிளந்திருந்தது. தணலை வாரிய பிறகு பார்த்தால் தளத்தின் நடுவே ஒரு குழி.

தைப் பொங்கல் முடிந்து தளத்தைப் பிரித்தோம். கல்லுக்குக் கீழே கை நுழைந்தது. உப்பு இல்லை. வெள்ளம் அதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போயிருந்தது. மணலும் கண்ணாடியும் மட்டும் அடியில் பளபளத்தன. அப்போதுதான் 1973இல் நான் பார்த்த அந்தக் குழி விழுந்த தளம் நினைவுக்கு வந்தது. "தண்ணி குடிச்சிட்டு" என்று மட்டும்தான் அன்றைக்கு மாஸ்டர் சொன்னார்.

உப்பே வேண்டாம், மணல் மட்டும் போடுவோம் என்றார்கள் சிலர். கூட வேலை பார்க்கிற பையனும், "தாத்தா, மறுபடியும் உப்பைப் போட்டா மறுபடியும் கரையும்லா?" என்று கேட்டான். சரியான கேள்வி. டீசல் அடுப்பு வாங்கு, சுழலும் தட்டோடு வருகிறது, அரைமணியில் சூடேறும் என்றான் என் மகன். அதுவும் சரியான யோசனைதான். அதில் நல்ல ரொட்டி வரும், நான் மறுக்கமாட்டேன். ஆனால் அணைத்த பிறகும் விடியும்வரை மெல்ல இறங்குகிற சூடு அதில் இல்லை. மக்ரூன் எனக்கு வேண்டும். அடிப்பீடத்தைக் கருங்கல் வைத்து ஒன்றரை அடி உயர்த்தினேன். அதன்மேல் மணல், கண்ணாடி, உப்பு. வெள்ளத்தில் அம்பாரங்கள் கரைந்துபோனதால் அந்த வருடம் உப்பு விலை ஏறியிருந்தது. ஆறு மூட்டைக்குச் சொல்லி வாங்கினேன். பன்னிரண்டு நாளுக்குப் பதில் பதினெட்டு நாள் ஓலை எரித்தேன்.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் தம்பி மகள் கூப்பிட்டாள். புது வீடு கட்டிச் சமையலறைச் சுவரில் கரண்டு அவன் ஒன்று பதித்திருந்தாள். "பெரியப்பா, கேக் வைக்கிறதெல்லாம் மேல கருகி உள்ள மாவா இருக்கு. நீங்க வந்து பாருங்க."

அடுப்பு அடுப்புதானே என்று போனேன். சூடு வந்துவிட்டது என்று அது மணி அடிக்கிறது. அடித்ததும் அவள் தட்டை வைக்கிறாள். அந்த மணி உள்ளே இருக்கிற காற்றின் சூட்டுக்கு. சுவரும் தட்டும் இன்னும் பச்சை. மணி அடித்து இன்னும் பதினைந்து நிமிடம் சும்மா விடு என்றேன், எங்கள் அரைமணிக்கு அது தம்பி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காதே, கண்ணாடிக் கதவு எதற்கு இருக்கிறது? தட்டை நடு அடுக்கில் வை. உள்ளே தொங்கவிட ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னேன். 180 வைத்ததற்கு 160தான் காட்டியது. ராத்திரி எங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்கும். 230க்குப் பதில் 190 வந்தால் கம்பி கொடுக்கிற சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும், சூடேறும் நேரமும் கூடும். அவளைப் பகலில் கேக் போடச் சொன்னேன்.

கீழ்த்தட்டில் சிந்தாமலிருக்க அலுமினியத் தாள் விரித்திருந்தாள். எடுக்கச் சொன்னேன். அடிக்கம்பியின் சூடு மேலே வராமல் தடுக்கும், பூச்சையும் பொரிக்கும். அலமாரிக்குப் பின்னால் காற்றுப்போக விட்டிருந்த இடைவெளியில் பாத்திரங்களை அடைத்திருந்தார்கள், அதையும் காலி செய்தோம். அணைத்ததும் மெயின் சுவிட்சைத் தட்டிவிடுகிற பழக்கம் அவளுக்கு. உள்ளே விசிறி ஓடி ஓய்கிறவரை விடம்மா, சூட்டைத் திடுமென்று அறுக்காதே என்றேன். கறை பிடித்த இடத்தில் இரும்பு நார் வேண்டாம். ஆறிய பிறகு சோடா உப்பைக் குழைத்துப் பூசி, கம்பியில் படாமல், ஒரு ராத்திரி விட்டுத் துணியால் துடைத்தால் வந்துவிடும். கதவு ரப்பரை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து உலர்த்து. எவர்சில்வர் முகப்பையும் அப்படியே, உப்பங்காற்று அதையும் புள்ளி புள்ளியாகத் தின்னும்.

"இது புதுசு, நீங்க சொல்லுறது எல்லாம் உங்க அடுப்புக் கணக்குல்லா பெரியப்பா" என்றாள் முதலில். அடுத்த வாரம் ஒரு டப்பாவில் கேக் வந்தது. நடு வெந்திருந்தது, கொஞ்சம் சீனி தூக்கல்.

எங்கள் அடுப்பில் அந்த மாசிக் கடைசியில் முதல் மக்ரூன் வைத்தேன். வெள்ளெனத் திறந்தபோது பையன்தான் தட்டை இழுத்தான். ஓரத்தில் இரண்டு கூம்பு சரிந்திருந்தது, வலப்பக்க மூலை இன்னும் முழுக்க உலரவில்லை. அன்று முதல் தணலை அந்த மூலையில் ஐந்து நிமிடம் கூட நிறுத்துகிறோம்.